பெர்லினில் வீடு தேடுபவர்களுக்கு: ஏரியாவை விடுங்கள், ரயில் லைனைப் பிடியுங்கள்

பெர்லினில் வேலை உறுதியானதும் நாங்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஏரியா நல்ல ஏரியா?" பத்துப் பேரிடம் கேட்டோம், பதினைந்து பெயர் வந்தது. கடைசியில் வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நகரின் கிழக்கு ஓரத்தில், ஹெல்லர்ஸ்டோர்ஃப் பக்கம், ஒரு வீட்டைப் பிடித்தோம். வீட்டில் ஒரு குறையும் இல்லை. சுற்றிலும் மரங்கள், கீழேயே சூப்பர் மார்க்கெட். ஆனால் என் ஆபீஸ் இருந்தது நகரின் மறுமுனையில், ஜீமென்ஸ்ஷ்டாட்டில். வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு மணி பத்து நிமிடம். நடுவில் இரண்டு முறை வண்டி மாற வேண்டும். மகளின் கிட்டாவை, அதாவது மழலையர் காப்பகத்தை, நாலரைக்கு மூடிவிடுவார்கள். ஒரு வண்டி தவறினால் போதும், டீச்சர் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.

அந்த வீட்டை விட்டு வெளியே வர 13 மாதம் ஆனது. படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு வரிதான் காரணம். அது 7-ஆம் படியில் வருகிறது.

1. முதலில் தற்காலிக வீடு, ஆனால் பதிவு செய்ய முடிகிற வீடு

ஊரிலிருந்துகொண்டே நிரந்தர வீடு பிடிக்க முயலாதீர்கள். இங்கே வீட்டை நேரில் பார்க்காதவருக்குச் சாவி கொடுக்கும் உரிமையாளர் அபூர்வம். கொடுக்கிறேன் என்று தானாக முன்வருபவர் பெரும்பாலும் மோசடிக்காரர். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்" என்று ஒரு மெயில் வந்தால் பதிலே போடாதீர்கள்.

இரண்டு மூன்று மாதத்துக்கு, சாமான்களோடு கூடிய ஒரு தற்காலிக வீட்டை எடுங்கள். வாடகை வயிற்றெரிச்சலைத் தரும், பரவாயில்லை. ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அங்கே அன்மெல்டுங் செய்ய முடியுமா? அன்மெல்டுங் என்பது முகவரிப் பதிவு. குடிபுகுந்த 14 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். வரி எண் அதன் பிறகுதான் வரும். வங்கிக் கணக்கு, விசா நீட்டிப்பு, கிட்டா என்று பலவற்றுக்கும் இந்தப் பதிவுக் காகிதத்தைக் கேட்பார்கள். "பதிவு செய்ய முடியாது" என்கிற வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

2. மேப்பில் இரண்டு புள்ளி வையுங்கள்

பெர்லினில் 12 மாவட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு தனி நகரம் மாதிரி. எல்லாவற்றையும் ஆராயப் போனால் தற்காலிக வீட்டின் மூன்று மாதமும் அதிலேயே போய்விடும்.

ஆகவே முதல் புள்ளி உங்கள் ஆபீஸ். இரண்டாவது புள்ளி, வீட்டில் இன்னொருவர் தினமும் போகிற இடம்: துணையின் வேலை, ஜெர்மன் வகுப்பு, குழந்தையின் பள்ளி, எதுவாகவும் இருக்கலாம். இந்த இரண்டு புள்ளிகளையும் தொட்டுச் செல்லும் லைன்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் நிலையங்களைச் சுற்றித் தேடுங்கள். ஒரு வண்டி, அதிகம் போனால் ஒரு மாற்றம். அதைத் தாண்டினால் குளிர்காலத்தில் வாழ்க்கை பிளாட்பாரத்திலேயே கழியும்.

சில உதாரணங்கள்.

ஆபீஸ் ஜீமென்ஸ்ஷ்டாட் என்றால் யூ7 மெட்ரோ லைன்தான் உங்கள் தெரு. மேற்கே ஷ்பாண்டாவ் நகராட்சி மன்றத்தில் தொடங்கி, தென்கிழக்கே ரூடோ வரை 40 நிலையங்கள். ஹாசல்ஹோர்ஸ்ட், ஷ்பாண்டாவ் பக்கம் வாடகை ஓரளவு தாங்கும். வில்மர்ஸ்டோர்ஃப் பக்கம் தாங்காது. நாங்கள் இப்போது ஹாசல்ஹோர்ஸ்டில் இருக்கிறோம். அதே லைனின் மறுபக்கம் பிளாஷ்கோஅலே நிலையத்தில் இறங்கினால் பிரிட்ஸ் முருகன் கோயில். தூரம் அதிகம்தான், ஆனால் வண்டி மாற வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று தூங்கிக்கொண்டே போகலாம்.

ஆட்லர்ஸ்ஹோஃப் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை என்றால் பௌம்ஷூலன்வேக், ஷோனவைடே, யோஹானிஸ்தால், கோபெனிக் ஆகியவற்றைப் பாருங்கள். கிரூன்ஹைடே கார் ஆலைக்குப் போகிறவர்கள் ஆர்இ1 ரயிலை மையமாக வைத்துத் தேட வேண்டும்: நகருக்குள் ஓஸ்ட்க்ரோய்ஸைச் சுற்றி, நகருக்கு வெளியே எர்க்னர். போட்ஸ்டாமில் வேலை என்றால் எஸ்7 லைன், அதாவது வான்ஸே, ஷார்லோட்டன்பூர்க். ஆபீஸ் நகரின் நடுவில், மிட்டேயில், இருந்தால் உங்களுக்கு யோகம், பல லைன்கள் அங்கே வந்து சேர்கின்றன. யூ5 லைனில் கிழக்கே ஃப்ரீட்ரிக்ஸ்ஃபெல்டே வரை போய்த் தேடினாலும் சிரமம் இல்லை.

ஓரத்தில் குடியிருந்தால் டிக்கெட் செலவு ஏறுமோ என்ற கவலை வேண்டாம். ஏ, பி, சி என்று மூன்று கட்டண மண்டலங்கள் உண்டு. நகர மையத்தைச் சுற்றி வரும் ரிங் ரயிலுக்கு உட்பட்டது ஏ, நகர எல்லை வரை பி, விமான நிலையமும் போட்ஸ்டாமும் சி. ஆனால் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற நாடு தழுவிய மாதப் பாஸ் வைத்திருந்தால் மூன்றும் ஒன்றுதான். 2026 ஜனவரியிலிருந்து அது மாதத்துக்கு 63 யூரோ. உங்கள் கம்பெனி அதில் ஒரு பங்கு தருகிறதா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள், பல கம்பெனிகள் தருகின்றன.

இங்கே ஒரு பொறி உண்டு. மேப் காட்டும் நேரம், எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளின் நேரம். தண்டவாள வேலை வந்தால் ரயிலுக்குப் பதில் வாரக்கணக்கில் பஸ் விடுவார்கள். ஒரே ஒரு லைனை நம்பி இருக்கும் வீட்டை விட, நடக்கும் தூரத்தில் இரண்டாவது லைனோ டிராமோ உள்ள வீடு மேல். டிராம் பெரும்பாலும் பழைய கிழக்கு பெர்லின் பகுதியில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. பெர்லினா, பிராண்டன்பூர்க்கா?

வாடகையைப் பார்த்து எல்லையைத் தாண்டி எர்க்னர், பெர்னாவ், ஃபால்கன்ஸே என்று போவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அது பிராண்டன்பூர்க், வேறு மாநிலம். விசா அலுவலகம் மாறும், கிட்டா விதியும் பள்ளி விதியும் மாறும். பெர்லினுக்குள் பதிவு செய்தவர்களுக்குக் கிட்டா கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ மட்டும். சில கிட்டாக்கள் கூடுதல் வகுப்பு, நல்ல சாப்பாடு என்று தனியாகக் கொஞ்சம் வாங்குவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நகருக்குள் பயணமும் இலவசம். வாடகையில் மிச்சமாகும் தொகையை இதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

4. குழந்தை இருந்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்

கிட்டாவில் இடம் தேடுவது உங்கள் வேலை, அரசு தானாகத் தேடித் தராது. முதலில் உங்கள் மாவட்ட யூகெண்ட்ஆம்ட்டில், அதாவது சிறார் நல அலுவலகத்தில், கிட்டா-குட்ஷைன் என்ற சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்க விரும்பும் நாளுக்கு 9 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 2 மாதம் முன்பாவது கொடுக்க வேண்டும். சீட்டு வரட்டும் என்று காத்திருக்காமல், கிட்டாக்களுக்கு அன்றே எழுதத் தொடங்குங்கள். நான் 26 இடத்துக்கு எழுதினேன். பதில் வந்தது நான்கிடமிருந்து. அவற்றில் இரண்டு, "இடம் இல்லை" என்று சொல்ல மட்டும் வந்த பதில்.

தொடக்கப் பள்ளி விஷயம் வேறு. செப்டம்பர் 30-க்குள் 6 வயது நிறையும் குழந்தைக்கு அந்த ஆண்டே கட்டாயப் பள்ளி. எந்தப் பள்ளி என்பதை உங்கள் வீட்டு முகவரிதான் தீர்மானிக்கும். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்றுகூட அமையும். முகவரியைக் கொடுத்தால் எந்தப் பள்ளி என்று காட்டும் வசதி இணையத்தில் உண்டு. வீடு பார்க்கப் போகும் முன் அதைத் தட்டிப் பாருங்கள். வேறு பள்ளி கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் இடம் இருந்தால்தான் தருவார்கள். இங்கே தொடக்கப் பள்ளி ஆறாம் வகுப்பு வரை. அதனால் இந்த முகவரி ஆறு வருட முடிவு.

5. ஏரியாவை மூன்று முறை பாருங்கள்

ஒரு வார நாள் காலை ஏழரை மணிக்கு அந்த நிலையத்திலிருந்து ஆபீசுக்கு நிஜமாகவே போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை நடந்து பாருங்கள். ஞாயிறு மதியம் ஒரு முறை சும்மா சுற்றுங்கள். ஞாயிறு இங்கே கடை கிடையாது, அன்றுதான் அங்கே உண்மையில் யார் வாழ்கிறார்கள் என்று தெரியும்: பூங்காவில் பிள்ளைகள் விளையாடுகிறார்களா, வயதானவர்கள் மட்டும்தானா, ஆளே இல்லையா.

பெயர் கெட்ட இடங்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். கொட்புசர் டோர், கோர்லிட்சர் பூங்கா ஆகிய இடங்களைச் சுற்றி போதைப்பொருள் விற்பனை கண்கூடு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்காக க்ரோய்ஸ்பெர்க், நாய்கோல்ன் என்று மொத்த மாவட்டத்தையும் தள்ளுவது தப்புக் கணக்கு. நாய்கோல்ன் மாவட்டத்துக்குள்தான் ஹெர்மன்பிளாட்ஸும் இருக்கிறது, தோட்டம் வைத்த வீடுகளாலான ரூடோவும் இருக்கிறது. ஃப்ரீட்ரிக்ஸ்ஹைனில் சீமோன்-டாக் தெருவைச் சுற்றி பயம் இல்லை, ஆனால் வார இறுதியில் விடிய விடிய பார் சத்தம். கிழக்கு ஓரத்தில் எங்களைப் போன்ற முகங்கள் குறைவு. பதின்மூன்று மாதத்தில் இரண்டு முறை முறைப்புகளைச் சந்தித்தோம், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொருவர் அனுபவமும் ஒவ்வொரு மாதிரி. அதனால்தான் இரவில் நடந்து பார்க்கச் சொல்கிறேன்.

பழைய அறிவுரைகளில் ஒன்று காலாவதியாகிவிட்டது. பாங்கோவ், ரைனிக்கன்டோர்ஃப் பக்கம் விமானச் சத்தம் என்பார்கள். டேகல் விமான நிலையம் 2020-இலேயே மூடப்பட்டது. இப்போது விமானங்கள் நகரின் தென்கிழக்கே, போன்ஸ்டோர்ஃப் பக்கம் பறக்கின்றன.

கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்பதை வைத்து ஏரியா தேர்ந்தெடுக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு முறை லிக்டன்பெர்க்கில் உள்ள டோங் ஸுவான் சந்தைக்குப் போய்ப் பை நிறைய வாங்கி, ஃப்ரீசரில் போட்டுவிடலாம்.

6. விளம்பரத்தைப் படிக்கும் விதம்

"2 சிம்மர்" என்றால் இரண்டு படுக்கையறை அல்ல. ஹாலையும் ஒரு அறையாக எண்ணுவார்கள். நம்மூர் 2 பிஎச்கே வேண்டுமென்றால் இங்கே 3 சிம்மர் தேடுங்கள். இதை அறியாமல் நான் முதல் இரண்டு வாரத்தை வீணடித்தேன்.

கால்ட்மீட்டே என்பது வெறும் வாடகை. நேபன்கோஸ்டன், அதாவது பராமரிப்பு, தண்ணீர், குப்பை, பெரும்பாலும் சூடாக்கும் செலவு, இவற்றையும் சேர்த்தால் வார்ம்மீட்டே. சூடாக்கும் செலவு அதில் அடக்கமா என்று கட்டாயம் கேளுங்கள். வீட்டுக்குள்ளேயே கேஸ் பாய்லர் இருந்தால் அந்தப் பில் உங்கள் பெயரில் தனியாக வரும். கரண்ட், இன்டர்நெட் எப்போதும் தனி. ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

சமையலறை என்பது இங்கே சில வீடுகளில் ஒரு காலி அறையும் இரண்டு குழாயும்தான். ஐன்பௌக்யூஷே என்று எழுதியிருந்தால் மட்டுமே அடுப்பும் அலமாரியும் உண்டு. முன்பு குடியிருந்தவர் தன் சமையலறையை விலைக்குத் தருவதும் உண்டு. நாங்கள் 1,500 யூரோ கொடுத்தோம். புதிதாகப் போட்டிருந்தால் அதற்கு மேல் ஆகியிருக்கும்.

இரண்டு வகை விளம்பரங்களைக் கண்டதும் தாண்டிப் போங்கள். ஒன்று, டௌஷ்வோனுங்: உங்கள் கையில் ஏற்கனவே ஒரு பெர்லின் வீடு இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது. மற்றது, வேபேஎஸ் தேவை என்று போட்டிருப்பது: வருமானம் குறைந்தோருக்கான சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும். தேடும் பட்டியலை இந்த இரண்டும்தான் அடைத்துக்கொண்டிருக்கும். ஆசையாக இருக்கும் விலையெல்லாம் அதில்தான் இருக்கும்.

எங்கே தேடுவது? இம்மோஸ்கௌட்24, க்லைன்அன்சைகன் இரண்டும் எல்லாரும் பார்ப்பவை. அதோடு, மாநில அரசுக்குச் சொந்தமான ஆறு வீட்டு நிறுவனங்களின் காலி வீடுகளை ஒன்றாகக் காட்டும் இன்பெர்லின்வோனன் தளத்தையும் தினமும் பாருங்கள். தனி நபர் உரிமையாளர், தனக்கே வீடு தேவை என்று காரணம் காட்டி ஒரு நாள் காலி செய்யச் சொல்லலாம். பெரிய நிறுவனத்தின் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை.

விளம்பரம் வந்த சில நிமிடத்திலேயே எழுதினால்தான் கவனிப்பார்கள். ஜெர்மனில் ஐந்து வரி தயாராக வைத்திருங்கள்: யார், எத்தனை பேர், என்ன வேலை, நிகர சம்பளம் எவ்வளவு, எப்போது குடிவர முடியும்.

7. ஃபைலும் ஒப்பந்தமும்

இவற்றை ஒரே பிடிஎஃப் ஆகச் செய்து போனில் வைத்திருங்கள்: வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட், விசா அல்லது குடியிருப்பு அட்டை, ஷூஃபா சான்றிதழ், முந்தைய உரிமையாளரிடம் பாக்கி இல்லை என்ற கடிதம். ஷூஃபா என்பது இந்த ஊர் சிபில் ஸ்கோர். வீட்டு உரிமையாளருக்குக் காட்டும் சான்றிதழ் 29.95 யூரோ. புதிதாக வந்தவர்களுக்கு அதில் ஒன்றும் இருக்காது, தப்பில்லை. சம்பளச் சீட்டு இன்னும் வரவில்லை என்றால் ஹெச்ஆரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். தற்காலிக வீட்டுக்காரர் தரும் "வாடகை ஒழுங்காகக் கட்டினார்" என்ற கடிதமும் நன்றாக வேலை செய்யும்.

வீட்டைப் பார்க்கும் முன்பே பாஸ்போர்ட் நகல் கேட்பவருக்கு அனுப்பாதீர்கள்.

நிகர சம்பளம் வார்ம்மீட்டேயைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்ப்பார்கள். 1,140 யூரோ வீட்டுக்குக் கையில் வருவது சுமார் 3,400. கௌட்ஸியோன் என்கிற முன்பணம், கால்ட்மீட்டேயின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. 900 யூரோ என்றால் உச்சம் 2,700. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. உரிமையாளர் அமர்த்திய தரகருக்கு நீங்கள் ஒரு சென்ட்டும் தர வேண்டியதில்லை. 2015 முதல், அமர்த்தியவர்தான் கட்ட வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் கோட்டை விட்ட வரி இதுதான்: க்யூண்டிகுங்ஸ்ஃபெர்சிக்ட். இன்ன காலம் வரை ஒப்பந்தத்தை நோட்டீஸ் கொடுத்து முடிக்க மாட்டோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வது. இல்லாவிட்டால் குடியிருப்பவர் மூன்று மாத நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். இந்த வரி இருந்தால் நான்கு வருடம் வரைகூடக் கட்டிப்போட முடியும். எங்களுடையது இரண்டு வருடம். உரிமையாளர் மனம் இறங்கி, எங்களுக்குப் பதில் ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்தால் விடுகிறேன் என்றதால் 13 மாதத்தில் தப்பித்தோம். அப்படி விட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. முதல் வீட்டில், ஏரியா இன்னும் பழகாத நிலையில், இந்த வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் ஒரு வருடமாகக் குறைக்கக் கேளுங்கள். ஷ்டாஃபல்மீட்டே என்றால் வாடகை வருடா வருடம் ஏறும், இன்டெக்ஸ்மீட்டே என்றால் விலைவாசியோடு ஏறும். இந்த இரண்டு சொற்களையும் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வாடகை அநியாயமாகத் தோன்றினால்? பெர்லினில் உச்சவரம்புச் சட்டம் உண்டு. நகரின் வாடகை அட்டவணையை விடப் பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. 2014 அக்டோபருக்குப் பிறகு வந்த புதுக் கட்டடங்கள் போன்ற சிலவற்றுக்கு இது பொருந்தாது. இதைப் பேச்சுவார்த்தையில் எடுக்காதீர்கள், வீடு அடுத்தவருக்குப் போய்விடும். கையெழுத்திட்டு, குடிபுகுந்து, குடியிருப்போர் சங்கத்தில் உறுப்பினராகி, அவர்கள் வழியாக எழுதுங்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது.

8. சாவி வாங்கிய நாள்

கரண்ட், கேஸ், தண்ணீர் மீட்டர் எண்கள், சுவரில் உள்ள கீறல், ஜன்னல் ஓரப் பூஞ்சை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, ஒப்படைப்புப் பதிவேட்டில் எழுத வையுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தைக் காப்பது அதுதான்.

அன்றே வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் என்ற ஒரு பக்கக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். இன்னார் இன்ன நாள் குடிபுகுந்தார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்டுத் தருவது. தருவது அவர் கடமை. வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது, பதிவு செய்யும் ப்யூர்கர்ஆம்ட் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட், இந்தக் கடிதம், விண்ணப்பம், குடும்பமாகப் போனால் திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் மொழிபெயர்ப்போடு. கட்டணம் இல்லை. பெர்லினுக்குள் எந்த மாவட்ட அலுவலகத்துக்கும் போகலாம், உங்கள் ஏரியாதான் என்றில்லை. அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் பெரும்பாடு. மற்றவர்கள் ரத்து செய்த இடங்கள் காலையில் திறக்கும், பக்கத்தை அடிக்கடி புதுப்பித்துப் பாருங்கள். 14 நாளுக்குள் கிடைக்காவிட்டால், கிடைத்த தேதிக்கான உறுதிச் செய்தியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசியாக, பெயர்ப் பலகை. இங்கே முகவரியில் வீட்டு எண் கிடையாது. தெரு, கட்டட எண், உங்கள் பெயர், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். அழைப்பு மணிக்கும் தபால் பெட்டிக்கும் பலகை வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள், நாங்களும் சரி என்று இருந்துவிட்டோம். அந்த இடைவெளியில் வந்த மகளின் கிட்டா கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போனது. குடிபுகும் அன்று ஒரு வெள்ளை டேப், ஒரு மார்க்கர் கொண்டுபோங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். குடும்பத்தில் கடைசிப் பெயர் ஆளுக்கொன்றாக இருந்தால், நமக்கு அப்படித்தானே இருக்கும், எல்லாப் பெயரையும் ஒட்டுங்கள்.